கட்டப் பலகையில் ஒரு நகரம்: குடியிருப்புப் பிரிவினை சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நிறக் காய்கள் ஒரு பலகையில் இடம் மாறிக்கொண்டே போய்த் தனித்தனித் திட்டுகளாக ஒதுங்கும் இந்தச் சிமுலேஷனை யாருக்குக் காட்டினாலும் முதலில் ஒரு வியப்பு வருகிறது, பிறகு ஒரு சந்தேகம் வருகிறது. இந்தப் பக்கம் அந்தச் சந்தேகங்களுக்காக.

குடியிருப்புப் பிரிவினை என்றால் என்ன? அதைக் கணினியில் எப்படிப் போலிசெய்து பார்ப்பது?

ஒரே நகரத்துக்குள் ஒரு நிறத்தாரோ மொழியினரோ மதத்தினரோ ஒரு பக்கமும் மற்றவர்கள் வேறொரு பக்கமுமாகப் பிரிந்து வாழ்வதுதான் குடியிருப்புப் பிரிவினை. அது எப்படி உருவாகிறது என்று பார்க்க உண்மை நகரத்தை வைத்துச் சோதனை நடத்த முடியாது. அதனால் கணினிக்குள் ஒரு பொம்மை நகரத்தை வரைகிறோம். கட்டங்கள்தான் வீடுகள். பாதிக் காய்கள் நீலம், பாதி மஞ்சள். சில கட்டங்கள் காலி. காய்களைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்துவிட்டு, அவற்றுக்கு ஒரே ஒரு விதியைக் கொடுக்கிறோம்.

அந்த விதி என்ன?

ஒவ்வொரு காயும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்க்கிறது. அங்கே குடியிருப்பவர்களில் தன் நிறத்தவர் குறைந்தது இத்தனை சதவீதம் இருந்தால் அப்படியே இருந்துவிடுகிறது. இல்லையென்றால் காலிக் கட்டம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறது. அந்தச் சதவீதத்தை ‘வரம்பு’ என்று சொல்லிக்கொள்வோம். எல்லாக் காய்களும் நிறைவடையும் வரை, அல்லது பார்ப்பவருக்கு அலுத்துப்போகும் வரை, ஆட்டம் தொடர்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

பரவலாகச் சொல்லப்படும் பெயர் தாமஸ் ஷெல்லிங். அமெரிக்கப் பொருளியலாளர், 2005இல் ராபர்ட் ஆமனுடன் சேர்ந்து பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். 1969இல் சிறு கட்டுரையாகவும் 1971இல் விரிவாகவும் இதை வெளியிட்டார். தொடக்கத்தில் அவரிடம் கணினி நிரல் எதுவும் இல்லை. தாளில் குறிகள் போட்டுப் பார்த்தார். பிறகு வீட்டில் பலகையைப் பரப்பி, தன் மகனோடு உட்கார்ந்து நாணயங்களை நகர்த்தினார்.

பெயர் கிடைக்காமல் போன ஒருவரும் உண்டு: ஜேம்ஸ் சகோடா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், உளவியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்துவைத்தபோது அடைபட்டவர்களில் அவரும் ஒருவர். முகாமுக்குள் எந்தக் குழு எந்தக் குழுவோடு நெருங்கியது, எதை விட்டு விலகியது என்று கவனித்து, 1949இல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். அதிலிருந்து வளர்ந்த கட்டப் பலகை மாதிரி 1971இல், ஷெல்லிங்கின் கட்டுரை வந்த அதே ஆய்விதழின் அதே முதல் தொகுதியில் வெளியானது. சகோடாவின் மாதிரியில் ஈர்ப்பு, வெறுப்பு, அலட்சியம் என்று பல மனநிலைகளுக்கு இடம் இருந்தது; ஷெல்லிங்கினுடையது ஒரே விதி. எளியதே நிலைத்தது. ஆனால் முகாம் வேலிக்குள் இருந்து பிறந்த மாதிரியை மறந்துவிட்டு, வீட்டு மேசையில் பிறந்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் சற்று உறுத்தும்.

காய்கள் 30 சதவீதம்தானே கேட்கின்றன? முடிவில் 70 சதவீதம் எப்படி வருகிறது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. இந்த மாதிரியின் உயிரும் இதில்தான் இருக்கிறது. நெட்லோகோ என்ற இலவச மென்பொருளோடு வரும் வடிவத்தில் வரம்பை 30 சதவீதத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு காயின் அக்கம்பக்கத்தில் தன் நிறத்தவர் சராசரியாக 50 சதவீதம் இருப்பார்கள். ஆட்டம் அடங்கும்போது அது ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் போயிருக்கும். அத்தனை பேர் வேண்டுமென்று ஒரு காயும் கேட்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சுற்றிலும் எட்டுப் பேர் இருந்தால் 30 சதவீதம் என்பது நடைமுறையில் மூன்று பேர். நாணயத்தைச் சுண்டி நிறம் தீர்மானித்தால், எட்டில் மூன்றுக்கும் குறைவாகத் தன் நிறத்தவர் அமைய 256இல் 37 வாய்ப்பு. அதாவது சுமார் 14 சதவீதம். ஆக, தொடக்கத்தில் ஏழு பேரில் ஒருவர்தான் நிறைவில்லாதவர். மற்ற ஆறு பேருக்கும் கலந்திருப்பதில் குறையொன்றும் இல்லை.

அந்த ஏழாவது ஆள் கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அது நீலக் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போன இடத்தில் மிச்சமிருக்கும் நீலங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. மயிரிழையில் நிறைவாக இருந்த நீலம் ஒன்று இப்போது வரம்புக்குக் கீழே போய்விட்டது; அதுவும் கிளம்பும். போய்ச் சேர்ந்த இடத்திலோ மஞ்சள்களின் விகிதம் குறைகிறது. அங்கே ஒரு மஞ்சள் மூட்டை கட்டுகிறது. ஒருவர் நகர்ந்தால் இரண்டு இடங்களில் கணக்கு கலைகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதியில் தரை உண்டு, கூரை இல்லை. தன் நிறத்தவர் குறைந்துவிட்டார்கள் என்று காய் நகரும். கூடிவிட்டார்கள் என்று ஒருபோதும் நகராது. 40 சதவீதத்தில் இருந்து 90 சதவீதத்துக்கு வந்துவிட்டவர் அங்கேயே தங்கிவிடுகிறார். திரும்பி வரும் வழி விதியில் இல்லை. பின்னோக்கிச் சுழலாதபடி தடுப்பு வைத்த பல்சக்கரம் ஒரு பக்கம் மட்டும் சுழல்வது போலத்தான் இது.

திட்டுகள் ஒருமுறை உருவானால் ஏன் கலைவதில்லை?

வடிவக் கணக்குதான் காரணம். நேரான எல்லையில் நிற்கும் காய்க்கு எட்டில் மூன்று பேர்தான் எதிர் நிறம். ஐந்து பேர் தன் நிறம். 62.5 சதவீதம். எல்லையில் இருப்பவருக்கே இவ்வளவு என்றால், உள்ளே இருப்பவரைச் சொல்ல வேண்டியதில்லை. திட்டின் மூலையில் நிற்கும் காய்க்கு மட்டும் தன் நிறத்தவர் மூன்று பேர்தான், 37.5 சதவீதம். வரம்பு 30 என்றால் மூலையும் தாங்கும். 50 என்றால் மூலைகள் தேய்ந்து எல்லை வழவழப்பாகிறது. நீர்த்துளி உருண்டையாவதற்குக் காரணமான பரப்பு இழுவிசையோடு இதை ஒப்பிட்டு, தேயான் விங்கோவிச், ஆலன் கிர்மான் இருவரும் 2006இல் இயற்பியல் நோக்கில் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

கலந்து வாழும் ஏற்பாடு ஒன்றுகூடவா நிலைக்காது?

நிலைக்கும் ஏற்பாடு உண்டு. சதுரங்கப் பலகையைப் போல ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு காய்க்கும் மூலைவிட்டத்தில் நான்கு பேர் தன் நிறம், நேர்ப்பக்கங்களில் நான்கு பேர் எதிர் நிறம். சரிபாதி. வரம்பு 50 ஆனாலும் பெரும்பாலோர் அசையமாட்டார்கள்.

ஷெல்லிங் இதைத்தான் எடுத்துக் கலைத்துப் பார்த்தார். எட்டுக்கு எட்டுப் பலகையில் நான்கு மூலைகளை மட்டும் விட்டுவிட்டு 60 நாணயங்களை மாற்றி மாற்றி அடுக்கினார். எல்லாரும் நிறைவு. பிறகு குறிபார்க்காமல் 20 நாணயங்களை எடுத்துவிட்டு, ஐந்தை மட்டும் காலி இடங்களில் போட்டார். அவ்வளவுதான், சங்கிலிபோல் நகர்வுகள் தொடங்கி, பலகை திட்டுத் திட்டாக ஒதுங்கியது. கலப்பு நிலைக்க முடியும், ஆனால் தட்டினால் தானாகத் திரும்பி வராது. பிரிவினை தட்டினாலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மக்களின் சகிப்புத்தன்மை கூடினால் பிரிவினை குறைய வேண்டும் அல்லவா?

நியாயமான எதிர்பார்ப்பு. எப்போதும் அப்படி நடக்காது என்பதுதான் வேடிக்கை.

பலகையை விட்டுவிட்டு, ஒரே நீளமான தெருவில் வரிசையாக மக்கள் வாழ்வதாகக் கொள்ளுங்கள். நிறைவில்லாத இரண்டு எதிர் நிறத்தவர் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாம். வரம்பு சரிபாதியாக இருந்தால் ஒரே நிறத் திட்டுகளின் நீளம் அக்கம்பக்கத்தின் அளவை மட்டும் பொறுத்தது, தெரு எவ்வளவு நீண்டிருந்தாலும் மிதமாகவே நிற்கும் என்று நிக்கோல் இம்மோர்லிக்கா, ராபர்ட் கிளைன்பெர்க் உள்ளிட்ட நால்வர் 2012இல் நிறுவினார்கள். கணிதவியலாளர்கள் பார்ம்பாலியாஸ், எல்வெஸ், லூயிஸ்-பை மூவரும் 2014இல் இன்னும் ஓர் அடி போனார்கள். வரம்பு சுமார் 0.353க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட எதுவும் நகராது. 0.353க்கும் 0.5க்கும் இடையில் இருந்தால் திட்டுகள் மிகப் பெரிதாகின்றன. அதாவது, பாதி வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை விட, 40 சதவீதம் போதும் என்று விட்டுக்கொடுப்பவர்கள் வாழும் தெரு அதிகமாகப் பிரிகிறது.

காரணம் இதுதான். வரம்பு பாதி என்றால் தொடக்கத்திலேயே எங்கு பார்த்தாலும் நிறைவில்லாதவர்கள். தெருவெங்கும் ஒரே நேரத்தில் சிறுசிறு திட்டுகள் முளைத்து, ஒன்றையொன்று தடுத்து நிறுத்திவிடுகின்றன. வரம்பு 40 என்றால் நிறைவில்லாதவர் அரிது. எங்கோ ஓரிடத்தில் தொடங்கும் அலை, எதிரே இன்னொரு அலையைச் சந்திப்பதற்குள் வெகுதூரம் ஓடிவிடுகிறது. தெருவுக்குக் கண்ட இந்த விடையை அப்படியே நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது; ஆனால் ‘சகிப்பு கூடினால் போதும்’ என்று சொல்பவரிடம் இதைக் காட்டலாம்.

எல்லாரும் கலந்து வாழவே விரும்பினால்?

ரோமன்ஸ் பாங்க்ஸ், நிக்கோலாஸ் ஃப்ரீண்ட் இருவரும் 2007இல் இதை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் மிகப் பிடித்தது சரிபாதிக் கலப்பு என்றே வைத்தார்கள். அப்போதும் ஒவ்வொருவரும் தனக்குக் கிடைக்கும் இடங்களில் நல்லதைத் தேடிப் போவதால் நகரம் பிரிந்துபோகலாம் என்று காட்டினார்கள். விரும்பிய இடம் நகரத்தில் இல்லாமல் போய்விட்டால் விருப்பம் மட்டும் என்ன செய்யும்?

வரம்பை 80 சதவீதமாக வைத்தால்?

பெரும்பாலும் அடங்கவே அடங்காது. நேர் எல்லையில் கிடைக்கும் 62.5 சதவீதமே போதாதவர்களுக்கு எங்கே இடம்? கண்டபடி இடம் மாறும் வடிவத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், திட்டுகூட உருவாகாது.

அப்படியென்றால் பிரிவினைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிறதே?

இல்லை. இந்த மாதிரியை அதிகமாகத் தவறாகப் பயன்படுத்துவது இந்த இடத்தில்தான். ‘இனம் இனத்தோடு சேரும்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதற்கு இது நல்ல சாக்காகிவிடுகிறது.

ஷெல்லிங்கின் நாட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் தனிப் பகுதிகளில் வாழ நேர்ந்தது மென்மையான விருப்பங்களால் மட்டுமா? 1933இல் தொடங்கப்பட்ட வீட்டுக்கடன் அரசு நிறுவனம் நகர வரைபடங்களில் பகுதிகளைத் தரம்பிரித்து வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அதாவது ஆபத்து. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் இனத்தைக் கணக்கில் எடுத்தே கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. வீட்டுப் பத்திரத்திலேயே ‘இன்னாருக்கு விற்கக் கூடாது’ என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது 1968இல். ஷெல்லிங்கின் முதல் கட்டுரை அதற்கு அடுத்த ஆண்டு.

பலகையில் எந்தக் காயும் எந்தக் காலிக் கட்டத்துக்கும் போகலாம். கதவைச் சாத்த ஆள் இல்லை, கடன் மறுக்க வங்கி இல்லை, கல்லெறியக் கும்பல் இல்லை. ஷெல்லிங்குக்கு இது தெரியும். திட்டமிட்டுச் செய்யப்படும் பிரிவினை, பொருளாதாரத்தால் வரும் பிரிவினை, தனிமனிதத் தேர்வுகளால் வரும் பிரிவினை என்று மூன்றாகப் பிரித்து, தான் எடுத்துக்கொண்டது மூன்றாவது மட்டும் என்று எழுதினார். அதுதான் மிக முக்கியமானது என்று அவர் சொல்லவில்லை.

மாதிரி நிறுவுவது ஒன்றைத்தான்: மென்மையான விருப்பம் மட்டும் இருந்தாலும் கடுமையான பிரிவினை வரலாம். வந்தது அதனால்தான் என்று அது சொல்லவில்லை. வரைபடத்தில் தெரியும் திட்டைப் பார்த்து, அதை உண்டாக்கியது வெறுப்பா, சட்டமா, விலையா, சின்னச் சின்ன விருப்பங்களா என்று கண்டுபிடிக்க முடியாது. நான்கும் ஒரே படத்தைத்தான் வரையும். காரணம் தெரிய வேண்டுமானால் பத்திரங்களையும் கடன் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும்; பலகை உதவாது.

உண்மை நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 1976இல் டெட்ராய்ட்டில் ரெனால்ட்ஸ் ஃபார்லி குழுவினர் 15 வீடுகள் வரைந்த அட்டைகளைக் காட்டி, எந்தக் கலவையில் வாழச் சம்மதம் என்று கேட்டார்கள். கறுப்பினத்தவருக்கு மிகவும் பிடித்தது ஏறத்தாழ சரிபாதிக் கலப்பு; அந்த அட்டையைப் பார்த்த வெள்ளையரில் கணிசமானோருக்கு அது சங்கடமாக இருந்தது. பலகையில் இரு நிறத்துக்கும் ஒரே வரம்பு வைக்கிறோமே, உண்மையில் அது சமமாக இல்லை என்று தெரிந்தது. ஒரு தரப்பு விரும்பி வரும் விகிதத்தில் மறுதரப்பு வெளியேறினால் நடுவில் நிற்க இடமே இருக்காது.

இட்ஸாக் பெனென்சன் குழுவினர் வேறு வழியில் போனார்கள். டெல் அவிவின் யாஃபோ பகுதியில் அரபு, யூதக் குடும்பங்கள் 1955 முதல் 1995 வரை வீடு மாறியதை, கட்டம் போடாமல் உண்மைக் கட்டடங்களின் வரைபடத்தின் மேலேயே சிமுலேஷன் செய்தார்கள். அங்கே அக்கம்பக்கத்தாரோடு கட்டடத்தின் பாணியும் விதியில் சேர்ந்தது.

‘கவிழும் புள்ளி’ என்பது இதுதானா?

உறவுண்டு, இதுவே அல்ல. ஒரு பகுதியில் சிறுபான்மையினர் பங்கு ஓர் அளவைத் தாண்டியதும் பெரும்பான்மையினர் மளமளவென்று வெளியேறுவதைக் குறிக்கும் சொல் அது. 1950களில் மார்ட்டன் கிராட்ஸின்ஸ் இதைப் பரப்பினார். ஷெல்லிங் இதற்குத் தனி மாதிரியே எழுதினார். டேவிட் கார்ட், அலெக்சாண்டர் மாஸ், ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் மூவரும் 1970 முதல் 2000 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2008இல் இதைத் தேடினார்கள். பெரும்பாலான நகரங்களில் அந்தப் புள்ளி 5 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தது.

பிரிவினையை எப்படி எண்ணால் அளப்பது?

வழக்கமான அளவுகோல் வேறுபாட்டுக் குறியெண். 1955இல் ஓட்டிஸ் டன்கனும் பெவர்லி டன்கனும் எழுதிய கட்டுரைக்குப் பின் நிலைபெற்றது. நகரத்தில் இரண்டு வார்டுகள், நீலம் 100 பேர், மஞ்சள் 100 பேர். முதல் வார்டில் 80 நீலம், 20 மஞ்சள், இரண்டாவதில் தலைகீழ். முதல் வார்டில் இருப்பது நகரத்து நீலத்தில் 0.8 பங்கு, மஞ்சளில் 0.2 பங்கு; இரண்டாவதில் மாறி. ஒவ்வொரு வார்டிலும் இந்த இரு பங்குகளின் வித்தியாசம் 0.6, இரு வார்டுகளின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.6. நீலத்தில் 60 பேர் இடம் மாறினால் விகிதம் எங்கும் சமமாகும் என்பது பொருள். சுழி என்றால் முழுக் கலப்பு. ஒன்று என்றால் முழுப் பிரிவினை.

எச்சரிக்கையும் உண்டு. வார்டு எல்லையை மாற்றி வரைந்தால் யாரும் வீடு மாறாமலே எண் மாறிவிடும். சிமுலேஷன் செய்பவர்கள் இந்த எண்ணைத் தொடாமல் ‘தன் நிறத்து அண்டையரின் சராசரி’யைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு ஏதாவது செய்தால் பலகை மாறுமா?

கூரை போட்டால் மாறும். சிங்கப்பூர் 1989இல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இனவாரியாக உச்ச வரம்பு வைத்தது. வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவருக்கு அங்கே வேற்று இனத்தவர் வீட்டை விற்க முடியாது. பலன் உண்டு, விலையும் உண்டு: வாங்க வருபவர் வட்டம் சுருங்கிவிடுவதால் விற்பவர் சிரமப்படலாம், அந்தச் சிரமம் சிறுபான்மையினர் மீது கூடுதலாக விழுகிறது.

நானே நிரல் எழுதிப் பார்க்கலாமா?

தாராளமாக. பைதானில் நூறு வரிகூட ஆகாது. நானும் எழுதித் தடுமாறியிருக்கிறேன். தடுமாறிய இடங்களைச் சொல்கிறேன். அண்டையர் யாருமே இல்லாத காய்க்கு விகிதம் கணக்கிடும்போது சுழியால் வகுக்க நேரும். அதை நிறைவுள்ளதாக எடுப்பதா இல்லையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஓரக் கட்டங்களுக்கு அண்டையர் குறைவு. பலகையின் விளிம்புகளை ஒட்டிவைத்து வளையமாக்கினால் அந்தத் தொல்லை போகும். எல்லாக் காய்களையும் ஒரே நேரத்தில் நகர்த்தாதீர்கள். இரண்டு காய்கள் ஒரே வீட்டுக்குள் நுழையும். 26 சதவீதமும் 37 சதவீதமும் எட்டுப் பேர் சூழ்ந்த காய்க்கு ஒன்றேதான், இரண்டுமே மூன்று பேர். எனவே வரம்பை நகர்த்தியும் ஒன்றும் மாறவில்லையே என்று பிழை தேடி இரவைக் கழிக்க வேண்டாம். ஒரே ஓட்டத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், தொடக்கத்தை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள்.

விதியின் நுணுக்கங்கள் அற்பமானவை அல்ல. விருப்பம் படிக்கட்டு போல ஒரு வரம்பில் தாவாமல் சரிவாக ஏறினால் பிரிவினை வெகுவாகக் குறையும் என்று எலிசபெத் புரூக், ராபர்ட் மேர் இருவரும் 2006இல் எழுதினார்கள். 2009இல் வேறு மூவர் அதைத் திரும்பச் செய்து பார்த்து எதிர் முடிவுக்கு வந்தார்கள்.

கணினி இல்லாமல் முடியுமா?

முடியும். எட்டுக்கு எட்டுக் கட்டம் வரைந்து இரண்டு வகை நாணயங்களை இறைத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு கட்டங்கள் காலியாக இருக்கட்டும். ஷெல்லிங்கின் விதி இது: அண்டையர் ஒருவரோ இருவரோ என்றால் குறைந்தது ஒருவர் தன் வகை, மூன்று முதல் ஐந்து என்றால் இருவர், ஆறு முதல் எட்டு என்றால் மூவர். நிறைவில்லாத நாணயத்தை, அது நிறைவடையும் மிக அருகிலுள்ள காலிக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். இடது மேல் மூலையிலிருந்து வரிசையாகப் போங்கள். தொடங்கும் முன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் பழைய பலகை எப்படி இருந்தது என்று மறந்துவிடும்.